நீள்வட்டம் வரைய வட்டத்தை இழுத்தால் போதாதா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

"ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை. மேல்பலகை 1800க்கு 900 மி.மீ. நீள்வட்டம். ஸ்கெட்ச்அப் என்ற வரையும் மென்பொருளில் நீள்வட்டத்துக்குத் தனிக் கருவி கிடையாது, வட்டம் போட்டு ஒரு பக்கமாக ஸ்கேல் செய்துவிட்டேன். விளிம்பிலிருந்து 50 மி.மீ. உள்ளே தள்ளிச் சுற்றிலும் ஒரு பித்தளைப் பட்டை பதிக்க வேண்டும். அதற்கு 1700க்கு 800 என்று இன்னொரு நீள்வட்டம். வேலை முடிந்தது. இதற்குப் போய் ஆட்டோகேட்காரர்கள் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறார்கள்?"

ஜூன் 3, இரவு

இழுப்பதில் கணக்குப்படி தப்பு எதுவும் இல்லை. ஒரு திசையில் மட்டும் சீராக இழுத்த வட்டம் நீள்வட்டமேதான், 'கிட்டத்தட்ட' எல்லாம் கிடையாது. ஆட்டோகேட்காரர்களும் இதைச் செய்வதுண்டு. வட்டத்தை பிளாக் (ஒரே தொகுப்பு) ஆக்கி, குறுக்கே ஓர் அளவு, நெடுக்கே ஓர் அளவு கொடுத்துச் செருகி, தொகுப்பை உடைக்கும் எக்ஸ்ப்ளோட் தட்டினால் உள்ளே போன வட்டம் நீள்வட்டமாக வெளியே வரும்.

சிக்கல் வேறு இரண்டு இடங்களில். ஸ்கெட்ச்அப்பில் நீங்கள் போட்டது வட்டமே அல்ல, 24 பக்கப் பலகோணம். அதை 1800க்கு இழுத்தால், கூரான இரண்டு நுனிகளிலும் ஒரு நேர்க்கோட்டுக்கும் உண்மையான வளைவுக்கும் நடுவே 7.7 மி.மீ. வரை இடைவெளி விழும். திரையில் தெரியாது, பலகையின் விளிம்பைத் தடவினால் முனை முனையாகத் தட்டும். வட்டம் போடும்போதே பக்க எண்ணிக்கையை 96 என்று கொடுத்துவிட்டால் இடைவெளி அரை மி.மீ.க்குள் அடங்கிவிடும். மிச்சத்தை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, அந்த 1700க்கு 800. அதை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜூன் 4

நீள்வட்டத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் ஓடும் வளைவு நீள்வட்டம் கிடையாது. வட்டத்துக்குள் இணையாகப் போட்டால் வட்டம் வரும், நேர்க்கோட்டுக்கு இணையாகப் போட்டால் நேர்க்கோடு வரும், அதனால் இதுவும் அப்படித்தான் என்று கை தானாகப் போய்விடுகிறது.

மேசைக்காரரின் எண்களையே எடுத்துக்கொள்ளலாம். 1800க்கு 900, அதற்குள் 1700க்கு 800. நெட்டச்சின் (நீள விட்டத்தின்) இரு முனைகளிலும் குற்றச்சின் (குறுக்கு விட்டத்தின்) இரு முனைகளிலும் டேப் வைத்தால் 50 கச்சிதமாக வரும். ஆனால் நுனியிலிருந்து தோள்பட்டைப் பக்கம் திரும்பும் இடத்தில் இடைவெளி ஏறக்குறைய 47க்கு இறங்கிவிடும். மூன்று மி.மீ.தானே என்பீர்கள். தேக்கில் பளபளக்கும் பித்தளைக் கோட்டில் அது தெரியும். எது கோணல் என்று விருந்தாளிக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இதற்கு, சம தூரத்தில் இணைகோடு போடும் ஸ்கெட்ச்அப்பின் ஆஃப்செட் கருவியைத் தொட்டிருந்தாலே சரியாக வந்திருக்கும். ஆட்டோகேட்டில் நீள்வட்டத்தை ஆஃப்செட் செய்துவிட்டு, கிடைத்த கோட்டைத் தேர்ந்தெடுத்து, விவரம் காட்டும் லிஸ்ட் கட்டளையைத் தட்டிப் பாருங்கள். எலிப்ஸ் (நீள்வட்டம்) என்று வராது, ஸ்ப்ளைன் (புள்ளிகளை வழுவழுப்பாக இணைக்கும் வளைவு) என்று வரும். மென்பொருளுக்கு விஷயம் தெரியும். அந்த இணை வளைவின் சமன்பாடு எட்டாம் படி. நீள்வட்டத்தின் சமன்பாடு இரண்டாம் படிதான். அதனால் அது நேர்மையாகக் கைவிரித்து, ஸ்ப்ளைனால் ஒட்டிப் போடுகிறது.

இன்னொன்று. உள்ளே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தள்ள முடியாது. நுனியில் வளைவின் ஆரம், அரைக் குற்றச்சின் வர்க்கத்தை அரை நெட்டச்சால் வகுத்தது. இங்கே 450 × 450 ÷ 900 = 225 மி.மீ. அதற்கு மேல் உள்ளே போனால் வளைவு தன்னையே வெட்டிக்கொள்ளும், அதைக் கத்தரித்துவிட்டால் இரு நுனியிலும் கூர்முனை நிற்கும். கண்ணாடியைப் பலகை நடுவில் பதிக்க ஒருவர் 250 உள்ளே தள்ளிவிட்டு, 'ஏன் படகு மாதிரி வருகிறது' என்று என்னைக் கேட்டதுண்டு.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

கட்டளை எழுதி வடிவம் போடும் ஓப்பன்ஸ்கேட்டில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. அங்கேயும் நீள்வட்டத்துக்குக் கட்டளை இல்லை, வட்டத்தை ஸ்கேல் செய்ய வேண்டும். ஆரம் 1 என்று வட்டம் போட்டு 900 மடங்கும் 450 மடங்கும் பெருக்கினால் திரையில் ஐங்கோணம் வந்து நிற்கும்! அளவு சின்னதாக இருந்தால் அது பக்கங்களைக் குறைத்துக்கொண்டே போய் ஐந்தில் நிற்கும். பெருக்கலை அதற்குப் பிறகுதான் செய்கிறது. பக்க எண்ணிக்கையை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

ஜூன் 7

மேசைக்காரர் அடுத்த கேள்வி அனுப்பியிருக்கிறார்: விளிம்பில் ஒட்டும் எட்ஜ் பேண்ட் எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்?

இது பட்டறைகளில் தினமும் நடக்கும் கூத்து. பெரும்பாலோர் கணக்கு இப்படி: நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, பாதியாக்கி, பையால் பெருக்கு. 1800 + 900, பாதி 1350, பையால் பெருக்கினால் 4241 மி.மீ. இது குறையும். உண்மையான சுற்றளவு 4359.8. கிட்டத்தட்ட 119 மி.மீ. பற்றாது, நான்கு விரல் அகலத்துக்கும் மேல் விளிம்பு வெள்ளையாகப் பல்லிளிக்கும். அதனால் சிலர் இன்னொரு சூத்திரம் வைத்திருப்பார்கள், இரண்டு அரை அச்சுகளின் வர்க்கங்களைக் கூட்டி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்து, பையால் பெருக்குவது. அது 4470 தரும். 110 அதிகம். பேண்ட் வாங்க இது மேல், மிச்சமானால் தூக்கிப்போடலாம். ஸ்டீல் பட்டையை முன்கூட்டியே வளையமாகப் பற்றவைக்கிறவருக்கு இரண்டுமே ஆகாது.

நீள்வட்டச் சுற்றளவுக்குப் பள்ளிக்கூடத்துக் கணித எழுத்துகளால் முடிகிற முழுமையான சூத்திரம் கிடையாது. ஆனால் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் ஒன்று கொடுத்திருக்கிறார். அரை நெட்டச்சு 'நெ', அரைக் குற்றச்சு 'கு' என்று வைத்துக்கொண்டால்:

பை × [3(நெ + கு) − √((3நெ + கு)(நெ + 3கு))]

900, 450 போட்டுப் பாருங்கள். 4050இலிருந்து 2662.24ஐக் கழித்தால் 1387.76; பையால் பெருக்க 4359.79. உண்மைக்கும் இதற்கும் வித்தியாசம் நூறில் ஒரு மில்லிமீட்டர். எந்தப் பட்டறையிலும் அந்த அளவுக்கு அளக்கக் கருவியே இருக்காது. என் செல்போனில் இந்தச் சூத்திரத்தை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வைத்திருக்கிறேன், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் என்னிடம் கேட்டுத்தான் பட்டை வெட்டுகிறார்கள்.

ஆட்டோகேட்டில் வரைந்தவர்களுக்கு இந்தத் தலைவலியும் இல்லை, லிஸ்ட் தட்டினால் சுற்றளவைச் சொல்லிவிடும். சுற்றளவைச் சம தூரங்களாகப் பிரித்து ஆணிக்குப் புள்ளி வைக்க டிவைட் கட்டளை நீள்வட்டத்திலும் வேலை செய்யும். கோணத்தைச் சமமாகப் பிரித்து ஆணி அடித்தால் இடைவெளி ஓர் இடத்தில் நெருங்கும், ஓர் இடத்தில் விலகும். அது வேண்டாம்.

ஜூன் 8

"கம்ப்யூட்டர் எதற்கு, ரெண்டு ஆணி, ஒரு நூல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, வரவேற்கிறேன். ஆனால் ஆணியை எங்கே அடிப்பீர்கள்?

குவியங்கள் மையத்திலிருந்து √(900² − 450²) = 779.4 மி.மீ. தள்ளி. இரண்டு ஆணியையும் சேர்த்துச் சுற்றும் நூல் வளையத்தின் நீளம் 3358.8. ஆட்டோகேட்டில் நீள்வட்டத்தின் குவியத்தைப் பிடிக்க ஆப்ஜெக்ட் ஸ்னாப் (புள்ளியைத் தானாகப் பிடிக்கும் வசதி) கிடையாது. குற்றச்சின் முனையை மையமாக வைத்து, அரை நெட்டச்சை ஆரமாகக் கொடுத்து ஒரு வட்டம் போடுங்கள். அது நெட்டச்சை வெட்டும் இரண்டு இடங்கள்தான் குவியங்கள். அதிலிருந்து டேப்பில் எடுத்துப் பலகையில் குறித்துக்கொள்ளலாம்.

நூல் எனக்குப் பிடிக்காததற்கு ஒரே காரணம், அது இழுபடும். நைலான் என்றால் கேட்கவே வேண்டாம், பென்சிலைக் கொஞ்சம் அழுத்தினால் மூன்று நான்கு மி.மீ. வெளியே போகும், அதுவும் ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. பழைய ஆசாரிகள் சட்டத்தால் போடுவார்கள். ஒரு நேரான சட்டத்தின் நுனியில் பென்சில். பென்சிலிலிருந்து 450இல் ஓர் ஆணி, 900இல் ஓர் ஆணி. பலகையில் இரண்டு அச்சுகளையும் கோடாகப் போட்டுக்கொண்டு, 450 ஆணி நெட்டச்சின் மேலேயும் 900 ஆணி குற்றச்சின் மேலேயும் நகரும்படி சட்டத்தைத் திருப்பிக்கொண்டே வந்தால் பென்சில் நீள்வட்டம் போடும். ஓடுவதற்கு ரீப்பரால் காடி அடித்துவிட்டால் பென்சிலுக்குப் பதில் ரௌட்டரையே மாட்டலாம். இதில் இழுபட ஒன்றும் இல்லை. என்னிடம் ஒரு ரௌட்டர் சட்டம் இருக்கிறது, லேசர் கடைக்கு அனுப்பச் சோம்பலாக இருக்கும் நாளில் அதுதான்.

ஜூன் 12

ஐடிஐ படிக்கும் தம்பி ஒருவர்: "ஐசோமெட்ரிக்கில் (மூன்று முகமும் தெரியும் சாய்வுப் படத்தில்) வட்டம் போட வாத்தியார் நான்கு மைய முறை சொன்னார். ஆட்டோகேட்டில் போட்டதன் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தவில்லை. யார் தப்பு?"

யாரும் தப்பில்லை தம்பி. நான்கு மைய முறை நான்கு வட்ட வில்களை ஒட்டவைப்பது. காம்பஸால் போட முடியும் என்பதற்காக வந்த வழி அது. எவ்வளவு விலகும் என்று பார்க்கலாம். 100 மி.மீ. விட்டமுள்ள வட்டம், ஐசோமெட்ரிக் அச்சில் 100 பக்கமுள்ள சாய்சதுரத்துக்குள் உட்கார வேண்டும். உண்மையான நீள்வட்டத்தின் நெட்டச்சு 122.5, குற்றச்சு 70.7. நான்கு மைய முறையில் பெரிய வில்லின் ஆரம் 86.6, சின்ன வில் 28.9, கிடைக்கும் உருவத்தின் நீளம் 115.5, அகலம் 73.2. நீளத்தில் 7 மி.மீ. குட்டை, அகலத்தில் இரண்டரை மி.மீ. குண்டு. பரீட்சைத்தாளில் மதிப்பெண் குறையாது. ஆட்டோகேட் கோட்டோடு ஒட்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

எலிப்ஸ் கட்டளைக்குள் ஐசோசர்க்கிள் என்ற தேர்வே வரவில்லை என்று அடுத்து கேட்பாய். ஸ்னாப் முறையை ஐசோமெட்ரிக்குக்கு மாற்றினால்தான் அது தலைகாட்டும். எஃப்5 விசை மேல், வலம், இடம் என்று முகத்தை மாற்றும். எந்த முகத்தில் துளை இருக்கிறதோ அந்த முகத்தில் இருந்துகொண்டு போடு. பாதிப் பேர் மேல்முகத்து நீள்வட்டத்தைப் பக்கச் சுவரில் ஒட்டிவிட்டு, துளை ஏன் படுத்திருக்கிறது என்று முழிப்பார்கள்.

ஜூன் 13

சாலிட்வொர்க்ஸ், ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண மென்பொருள் ஆட்களுக்குச் சுருக்கமாக. நீள்வட்டம் முழுதாகக் கட்டுப்பட ஐந்து விவரம் வேண்டும்: மையத்துக்கு இரண்டு, அச்சுகளுக்கு இரண்டு, சாய்வுக்கு ஒன்று. வட்டத்துக்கு மூன்றே போதும் என்பதால் அந்த ஐந்தாவதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். இரண்டு அளவும் கொடுத்த பிறகும் கோடு நீலமாகவே இருக்கிறதென்றால் அது சுற்றத் தயாராக இருக்கிறது. மையத்தையும் நெட்டச்சு முனையையும் கிடைமட்டம் என்று கட்டிவிடுங்கள். ஃப்ரீகேட்டில் இரு அச்சுக் கோடுகளும் குவியப் புள்ளிகளும் உள் வடிவமாகத் தனியே வந்து நிற்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் அளவு வைக்க இடம் இருக்காது.

ஜூன் 19

இப்போது என் சொந்த வயிற்றெரிச்சல். பெயர் வேண்டாம், ஒரு லேசர் கடை. துருப்பிடிக்காத தகட்டில் நீள்வட்ட முகப்பு, அதில் திருகுத் துளைகள். டிஎக்ஸ்எஃப் (வரைபடத்தை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் வடிவம்) கோப்பு அனுப்பினேன். சாயங்காலம் போனால் சதுரத் தகட்டில் துளைகள் மட்டும் அழகாகக் கிடக்கின்றன. நீள்வட்டத்தைக் காணோம். "உங்க டிராயிங்ல அவ்வளவுதான் சார் இருந்துச்சு" என்றார் மிஷின் ஓட்டும் பையன். அவர் திரையில் நிஜமாகவே அவ்வளவுதான் இருந்தது.

காரணம் எளிது. ஆட்டோகேட்டில் உண்மையான நீள்வட்டம் 1994இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் எலிப்ஸ் கட்டளை தந்ததெல்லாம் வில்துண்டுகளை ஒட்டிய பாலிலைன். 12ஆம் பதிப்பின் டிஎக்ஸ்எஃப்பில் எலிப்ஸ் என்ற உருப்படியே இல்லை, பல வெட்டும் மென்பொருள்கள் மனதளவில் இன்னும் அங்கேதான் வாழ்கின்றன. தெரியாத உருப்படியைப் பார்த்தால் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும்.

இயந்திரத்தின் பக்கமும் நியாயம் உண்டு. சிஎன்சி மொழியில் ஜி01 நேர்க்கோடு, ஜி02, ஜி03 வட்ட வில். வழக்கமான கட்டுப்படுத்திகளில் நீள்வட்டத்துக்கென்று ஒரு குறியீடு கிடையாது. நீங்கள் எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், வெட்டும் முன் யாரோ ஒருவர் அதைக் கோடாகவோ வில்லாகவோ உடைத்தே ஆக வேண்டும். அந்த யாரோ ஒருவர் நீங்களாக இருப்பது நல்லது.

வழி ஒன்று, பிஎல்லிப்ஸ் என்ற மாறியை 1 என்று வைத்துவிட்டு எலிப்ஸ் போடுவது. பழையபடி வில்துண்டுப் பாலிலைன் கிடைக்கும். ஏற்கெனவே 0இல் போட்ட நீள்வட்டத்தை அது மாற்றாது, திரும்ப வரைய வேண்டும். பாலிலைனைத் திருத்தும் பிஎடிட் கட்டளையும் உண்மையான நீள்வட்டத்தைத் தொடாது. வழி இரண்டு, 12ஆம் பதிப்பு டிஎக்ஸ்எஃப்பாகச் சேமிப்பது, ஆட்டோகேட்டே உடைத்துக் கொடுக்கும். எத்தனை துண்டு போதும் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு: துணையலகை (நீள்வட்டமாக அமுக்கும் முன் வட்டத்தில் இருந்த கோணத்தை) சமமாகப் பிரித்து நேர்க்கோடுகளாக உடைத்தால், மிகப் பெரிய பிழை நுனியில் வரும், அது நெ × (1 − கொசைன்(180° ÷ துண்டு எண்ணிக்கை)). 1200 நீள முகப்புக்கு நெ 600. 64 துண்டு என்றால் 0.72 மி.மீ., நகத்தில் தட்டும். 180 துண்டு என்றால் 0.09. 360 என்றால் 0.02. லேசரே அதற்கு மேல் துல்லியம் பேசாது.

ஜூன் 20

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு பாய்லர் பட்டறை அண்ணன் ஒருவர் சிரிக்கிறார். "நீங்கள் நூறில் ஒரு மில்லி பேசுகிறீர்கள், நாங்கள் நீள்வட்டம் என்று சொல்லிவிட்டு இரண்டு வில்தான் அடிக்கிறோம்."

அவர் சொல்வது 2:1 டிஷ் எண்ட். அழுத்தக்கலத்தின் மூடி. உள் விட்டம் 1000 என்றால் ஆழம் 250, அரை நீள்வட்டம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் விதிநூலே இதற்குச் சலுகை தருகிறது: நடுப்பகுதி ஆரம் விட்டத்தில் 0.9, ஓரத்து நக்கிள் ஆரம் விட்டத்தில் 0.17 என்று அடித்தால் அதை 2:1 நீள்வட்ட மூடியாக ஏற்றுக்கொள்ளலாம். உண்மையான நீள்வட்டமாக இருந்தால் உச்சியில் வளைவு ஆரம் 1000, ஓரத்தில் 125. விதிநூல் தருவது 900, 170. ஆனால் கூட்டிப் பார்த்தால் ஆழம் 248.85 வருகிறது, 250க்கு 1.15 மி.மீ. குறைவு. டையில் வைத்து அழுத்தும் தகட்டில் அது பொருட்டே இல்லை.

அதனால் 12ஆம் தேதி நான்கு மைய முறையைக் காம்பஸ் காலத்து ஏற்பாடு என்கிற தொனியில் நான் தள்ளிவைத்ததைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். வில் மோசமில்லை. ஐசோமெட்ரிக் நான்கு மைய முறையில் வில்களின் ஆரம் சாய்சதுரத்தால் தானாக முடிவாகிறது, அதனால்தான் 7 மி.மீ. ஓடுகிறது. டிஷ் எண்டில் ஆரங்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். காலுக்கு இரண்டு வில் என்றால் இவ்வளவு, மூன்று நான்கு வில் என்றால் கண்ணுக்கே தெரியாது. இப்போது என் பழக்கம், வரையும் முன் வெட்டப்போகிறவருக்கு ஒரு போன்: உங்கள் மிஷின் எதைப் படிக்கும்?

ஜூன் 20, பின்குறிப்பு

அண்ணனுக்கு: வளைவு மூடியை மாடலில் வரையும்போது வில்லாகவே வரையுங்கள், நீள்வட்டமாக அல்ல. உள்பக்கத்தை நீள்வட்டமாகப் போட்டுத் தகட்டுக் கனத்துக்கு ஆஃப்செட் கொடுத்தால் வெளிப்பக்கம் ஸ்ப்ளைன் ஆகிவிடும் (4ஆம் தேதிக் குறிப்பு). வில்லுக்கு ஆஃப்செட் வில்.

ஜூலை 2

பைத்தானில் டிஎக்ஸ்எஃப் எழுதும் ஒருவர். கால் நீள்வட்டங்கள் சரியாக வருகின்றன, 45 டிகிரியில் நிறுத்தச் சொன்னால் மட்டும் வேறெங்கோ போய் நிற்கிறது என்கிறார்.

இது பலரைக் குழிக்குள் இறக்கிய இடம். டிஎக்ஸ்எஃப்பில் எலிப்ஸ் உருப்படிக்கு 10, 20இல் மையம்; 11, 21இல் நெட்டச்சு முனை, அதுவும் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று; 40இல் குற்றச்சுக்கும் நெட்டச்சுக்கும் உள்ள விகிதம்; 41, 42இல் தொடக்கமும் முடிவும். அந்த 41, 42 கோணம் அல்ல, துணையலகு. ரேடியனில். நெட்டச்சை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் அந்தக் கோணத்தில் ஒரு புள்ளி வைத்து, பிறகு வட்டத்தை அமுக்கினால் அது எங்கே போய் இறங்குகிறதோ அந்த இடம்.

நெ 100, கு 50 என்று வையுங்கள். துணையலகு 45 டிகிரி என்றால் புள்ளி (70.71, 35.36). மையத்திலிருந்து அதன் கோணம் 26.57 டிகிரி. 0, 90, 180இல் இரண்டும் ஒத்துப்போகும் என்பதால் கால் நீள்வட்டம் பிழைத்துக்கொள்கிறது. உண்மையிலேயே 45 டிகிரி வேண்டுமென்றால், அந்தக் கோணத்தின் டேஞ்சன்டை நெ ÷ குவால் பெருக்கி, ஆர்க்டான் எடுத்துக் கொடுங்கள். இங்கே 63.43 டிகிரி, ரேடியனாக்கினால் 1.107. கால்பகுதியைக் கவனிக்கும் இரட்டை வாத ஆர்க்டானைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் இடது பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

விகிதம் 1ஐத் தாண்டக் கூடாது. அகலம் அதிகமானால் அச்சுகளை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஃப்ரீகேட்டின் அடியில் இருக்கும் ஓப்பன்கேஸ்கேடும் இதே பிடிவாதம் பிடிக்கும், நெட்டச்சு குற்றச்சை விடச் சின்னதாக இருந்தால் பிழை காட்டும்.

ஜூலை 5

"கோரல்டிராவில் போடும் நீள்வட்டம் உண்மையானதா?" கர்வாக மாற்றும் வரை அளவு வைத்துக்கொண்டிருக்கும். மாற்றியதும் நான்கு பெசியே துண்டுகள் (கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வளைக்கும் வளைவுகள்). சாதாரண முப்படிப் பெசியேயால் வட்டத்தைத் துல்லியமாகப் போடவே முடியாது, ஆரத்தில் 0.027 சதவீதம் வரை வெளியே பிதுங்கும். 900க்கு கால் மி.மீ. போர்டு அடிக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

துல்லியமாகப் போட வேண்டுமென்றால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு எடை கொடுக்க வேண்டும். ரைனோ மென்பொருள் செய்வது அதைத்தான், இந்த எடை போட்ட வளைவுக்குப் பெயர் நர்ப்ஸ். கால் வட்டத்துக்கு மூலைப் புள்ளியின் எடை 0.7071. நீள்வட்டத்துக்கும் அதே எடைதான், புள்ளிகளை மட்டும் ஒரு திசையில் இழுத்தால் போதும். விகிதமுறு பி-ஸ்ப்ளைன்களைப் பற்றி கென் வெர்ஸ்பிரில் 1975இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வேடு எழுதினார், இன்று பெரும்பாலான மாடலிங் மென்பொருள்களின் வயிற்றில் அது இருக்கிறது. அதற்கு முப்பது வருடம் முன்பே, நார்த் அமெரிக்கன் விமானக் கம்பெனியில் ராய் லைமிங் பி-51 மஸ்டாங்கின் உடல் வளைவுகளைக் கூம்பு வளைவுச் சமன்பாடுகளாகக் கணக்கிட்டார். கணினி இல்லாமல். அதை நினைத்தால் எனக்கு வரும் புகார்கள் எல்லாம் அடங்கிவிடும்.

ஜூலை 6

குழாய் வெட்டுகிறவர் கேட்டது: சாய்த்து வெட்டிய குழாயின் வாய் நீள்வட்டம், அப்படியானால் காகித டெம்ப்ளேட்டிலும் நீள்வட்டம் போடலாமா? கூடாது. 88.9 மி.மீ. குழாயை 45 டிகிரியில் வெட்டினால் வாய் 88.9க்கு 125.7, சரி. ஆனால் குழாயின் தோலை விரித்தால் அந்த வெட்டு சைன் அலையாகப் படுத்திருக்கும். டெம்ப்ளேட்டில் அலையை வரையுங்கள்: நீளம் 279.3, மேலும் கீழும் 44.45.

ஜூலை 21

மேசைக்காரர் திரும்ப வந்துவிட்டார். மரவரி மேசையில் சாய்வாக ஓட வேண்டுமாம், வாடிக்கையாளர் ஆசை. 8க்கு 4 அடி ப்ளைவுட்டில் நீள்வட்டத்தை 30 டிகிரி திருப்பி வைத்தால் அடங்குமா? குவாட்ரன்ட் ஸ்னாப் வைத்து உயரம் அளந்திருக்கிறார், 900 வந்திருக்கிறது, தாராளம் என்று எழுதியிருக்கிறார்.

குவாட்ரன்ட் ஸ்னாப் பிடிப்பது அச்சு முனைகளை. திருப்பி வைத்த நீள்வட்டத்தின் உச்சம் அச்சு முனையில் இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். அரை உயரம் √(நெ² × சைன்² + கு² × கொசைன்²). 30 டிகிரிக்கு 595.3. முழு உயரம் 1190.6, அகலம் இதே வழியில் 1622.5. ஷீட் 2440க்கு 1220. அடங்கும், ஆனால் உயரத்தில் மிச்சம் 29 மி.மீ.தான். ஷீட்டின் ஓரம் அடிபட்டிருந்தால் போச்சு. கணக்குப் போட விருப்பமில்லை என்றால் ஆட்டோகேட்டில் நீள்வட்டத்தை ரீஜன் (நிரம்பிய பரப்பு) ஆக்கி மாஸ்பிராப் தட்டுங்கள், பவுண்டிங் பாக்ஸ் (சுற்றி அடங்கும் செவ்வகம்) என்று ஒரு வரி வரும், அது உண்மையைச் சொல்லும். 25 டிகிரி போதும் என்று வாடிக்கையாளரைச் சம்மதிக்க வைத்தால் உயரம் 1115க்கு இறங்கும், இரண்டு பக்கமும் 50 விட்டு வெட்டலாம்.